சுஹ்ராபின் குருதிக்குப் பொறுப்பாளி யார்?

பாரசீகக் கவிஞர் பிர்தௌசி ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1010) நிறைவு செய்த ‘ஷாநாமா’வில், ருஸ்தம் தன் மகன் சுஹ்ராபை இன்னாரென்று அறியாமலே கொன்றுவிடுகிறான். வாள் தந்தையுடையது, பழி யாருடையது? மரணத்தின் புதிரைப் பேசியே கதையைத் தொடங்கும் கவிஞர் விதியைச் சுட்டுவதாகத் தோன்றும். ஆனால், அவர் அடுக்கிச் செல்லும் நிகழ்ச்சிகள் வேறு சாட்சியம் கூறுகின்றன.

ஈரானிய மன்னன் கைகாவூஸை வீழ்த்தித் தன் தந்தையை அரியணை ஏற்றவே சுஹ்ராப் தூரானியப் படையோடு வருகிறான். தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அறியலாகாது என்பது தூரானிய மன்னன் அஃப்ராசியாபின் சூழ்ச்சி. ருஸ்தமை அடையாளம் காட்டுவதற்கென்றே தாய் தஹ்மீனா அனுப்பிய அவளுடைய சகோதரனோ, இரவில் வேவு பார்க்க வந்த ருஸ்தமின் கையாலேயே மடிகிறான். சிறைப்பட்ட ஈரானிய வீரன் ஹஜீர், ருஸ்தமின் கூடாரத்தைச் சீனத்திலிருந்து வந்த புதியவனுடையது என்று பொய்யுரைக்கிறான். நாட்டின் காவலனை இழந்துவிடலாகாது என்பது அவன் அச்சம். அதைக் குறைகூற எனக்கு மனமில்லை.

ருஸ்தமுக்கு அந்தச் சமாதானமும் இல்லை. “நீர் ருஸ்தம்தானே?” என்று மகனே களத்தில் வினவியபோதும் அவன் மறுக்கிறான். மற்போரில் கீழே விழுந்ததும், முதல் வீழ்ச்சியில் கொல்வது எங்கள் மரபன்று என்று கூறி உயிர் தப்புகிறான். மறுமுறை சுஹ்ராப் விழுந்தபோது அந்த மரபை அவனே பேணவில்லை. வாளைப் பாய்ச்சிய பின்னரே மகன் அணிந்திருந்த மணியைக் காண்கிறான். தஹ்மீனாவிடம் அவனே விட்டுச் சென்ற மணி அது.

அப்போதும் ஒரு வழி இருந்தது. கைகாவூஸின் கருவூலத்தில் ‘நோஷ்தாரு’ என்னும் அருமருந்து இருந்தது. மகனும் பிழைத்தால் ருஸ்தமின் வலிமை தன் அரியணைக்கே கேடாகும் என்றஞ்சி மன்னன் அதைத் தர மறுத்தான். 1853இல் இக்கதையை ஆங்கிலத்தில் பாடிய மாத்யூ ஆர்னால்டு இப்பகுதியை விட்டுவிட்டார். அதனால் அவருடைய கவிதையில் தந்தை மகன் துயரம் மட்டுமே எஞ்சுகிறது. அரசனின் குற்றம் மறைந்துபோகிறது. ஆங்கிலம் வழியாக மட்டும் இக்கதையை அறிந்தோர் விதியையே நொந்துகொள்வதற்கு இது ஒரு காரணமாகலாம்.

எனினும் கைகாவூஸ் காப்பாற்ற மறுத்தவனே. காயம் அவன் செய்ததன்று. சாகும் தறுவாயில் சுஹ்ராப், இது தன்னால் தனக்கே நேர்ந்தது என்கிறான். தன்னை நம்பி வந்த தூரானியப் படைக்குத் தீங்கு நேராதிருக்கவும் வேண்டுகிறான். தந்தையை விடுவிக்க மகன் அளித்த தீர்ப்பு அது. ருஸ்தம் அதை ஏற்கவில்லை. தன்னை மாய்த்துக்கொள்ள முனைந்த அவனைத் தளபதிகள்தாம் தடுத்தனர்.