மினிமல் டெக்னோ: கேட்கவா, கலக்கவா, ஆடவா?

மினிமல் டெக்னோ கேட்பதற்குரியதா, டிஜே கலப்பதற்குரியதா, ஆடுவதற்குரியதா என்னும் வினாவுக்கு அதன் வரலாறே விடை தருகிறது.

1990களின் தொடக்கத்தில் ரேவ் இசை வேகத்தையும் ஆரவாரத்தையும் கூட்டிக்கொண்டே சென்றது. அதற்கு மறுப்பாக, டெட்ராய்ட் நகரின் கறுப்பினக் கலைஞர் ராபர்ட் ஹுட் 1994இல் 'மினிமல் நேஷன்' இசைத்தட்டை வெளியிட்டார். டிரம் மெஷினின் தாளம், சின்தசைசரில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் சில சுரங்கள், ஏறக்குறைய அவ்வளவே. ஆடும் உடலுக்கு இன்றியமையாதது மட்டும் எஞ்சியது.

இச்சிக்கனம் கலப்போருக்கும் வாய்ப்பாயிற்று. நெரிசலற்ற ஒரு தட்டின்மேல் இன்னொன்றை இடறின்றிப் படியவைக்கலாம். ரிச்சி ஹாட்டின் 2001இல் தந்த 'டிஇ9: க்ளோசர் டு தி எடிட்' தொகுப்பில் பலரது ஆக்கங்களைத் துணுக்குகளாக நறுக்கிப் புதிதாகக் கோத்தார். அவரே பிளாஸ்டிக்மேன் என்ற பெயரில் 1998இல் வெளியிட்ட 'கன்ஸ்யூம்ட்' தொகுப்போ தனித்திருந்து கேட்கவே ஏற்றது.

மூன்றும் பொருந்தும், ஆனால் வேர் ஒன்று. தனியே கேட்கையில் வெறுமையெனத் தோன்றுவது குறையன்று; அடுத்த தட்டுக்கும் ஆடும் காலுக்கும் ஒதுக்கப்பட்ட இடம். இதை ஹெட்போனுக்குரிய அறிவார்ந்த இசையென்று மட்டும் போற்றினால், இதை ஈன்ற டெட்ராய்ட்டின் நடனத்தளம் வரலாற்றிலிருந்து விடுபட்டுப்போகும்.