பொறியியல் வரைவுக் கோப்புகளும் ஓவிய மென்பொருளும்: பரிமாற்றச் சிக்கல்களின் வரலாற்றுப் பின்னணி

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் வரைவு மென்பொருளில் உருவான படத்தை வெக்டர் ஓவிய மென்பொருளில் திறக்கும்போது அளவு மாறுதல், வளைவு சிதைதல், கோட்டின் தடிமன் மறைதல், எழுத்து குலைதல் ஆகிய சிக்கல்கள் எழுகின்றன. இவற்றைப் பயனரின் கவனக்குறைவாகவோ மென்பொருளின் பிழையாகவோ கருதுவது வழக்கம். இரு மென்பொருள்களும் வெவ்வேறு கருவிகளைச் சார்ந்து வளர்ந்த வரலாற்றிலேயே இச்சிக்கல்களின் வேர் இருப்பதை ஆட்டோகேட், இல்லஸ்ட்ரேட்டர் ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆட்டோகேட், இல்லஸ்ட்ரேட்டர், டிஎக்ஸ்எஃப், போஸ்ட்ஸ்கிரிப்ட், பெசியே வளைவு, அளவலகு

முன்னுரை

1982 டிசம்பர் மாதம் கணினி வரைவின் வரலாற்றில் இருவகையில் முக்கியமானது. அம்மாதத்தில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேட் மென்பொருளின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதே மாதத்தில் ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி ஆகிய இருவரும் அடோபி நிறுவனத்தைத் தொடங்கினர். இரண்டும் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை. எனினும், முன்னது தொழிற்கூடத்திற்கான வரைபடத்தையும் பின்னது அச்சிடப்படும் பக்கத்தையும் நோக்கமாகக் கொண்டன. இவ்வேறுபாடே பின்னாளில் கோப்புப் பரிமாற்றத்தின் இடர்ப்பாடாக வெளிப்பட்டது.

பேனாவும் பக்கமும்

ஆட்டோகேட் படங்கள் தொடக்க காலத்தில் பேனா பிளாட்டர் என்னும் கருவியால் தாளில் வரையப்பட்டன. கருவி பேனாவைப் பிடித்துக்கொண்டு கோட்டின் வழியே நகரும். எனவே கோட்டின் நீளமும் திசையும் கோப்பில் இருந்தால் போதுமானது. தடிமனைப் பேனாவின் முனையே தீர்மானித்தது. எந்த நிற எண்ணுக்கு எந்தப் பேனா என்பதை வரைவாளர் வகுத்துக்கொண்டார். ஆகவே சிவப்பு என்பது பல அலுவலகங்களில் நிறத்தைக் குறிக்கவில்லை. ஒரு தடிமனைக் குறித்தது.

அடோபியின் வழி வேறு. 1984இல் வெளியான போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும், அதைக்கொண்டு 1985இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் பக்கத்தை மையமாகக் கொண்டவை. அங்குலத்தின் 72இல் ஒரு பங்கான புள்ளியே அம்மொழியின் இயல்பான அலகு. கோட்டிற்குத் தடிமன் உண்டு. மூடிய வடிவத்திற்கு நிரப்பு நிறம் உண்டு. 1987இல் வெளியான இல்லஸ்ட்ரேட்டர் இந்த அடிப்படையிலேயே எழுந்தது.

அலகு இல்லாத எண்கள்

ஆட்டோகேட்டின் முதல் பதிப்புடனேயே டிஎக்ஸ்எஃப் என்னும் பரிமாற்ற வடிவமும் வந்தது. இக்கோப்பை எந்த எழுத்துத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம். ஒரு வரியில் குறியெண், அடுத்த வரியில் அதன் மதிப்பு என அது அமைந்துள்ளது. குறியெண் 8 அடுக்கின் பெயரையும், 10, 20 ஆகியவை கிடை, நெடுக்கைத் தூரங்களையும் தருகின்றன. அதன் அமைப்பு வெளியிடப்பட்டிருந்தமையால் பிற நிறுவனங்களும் அதைப் படிக்கும் மென்பொருள்களை எழுத முடிந்தது.

ஆனால் அக்கோப்பில் 100 என்னும் எண் 100 மில்லிமீட்டரா, 100 அங்குலமா என்பது எழுதப்படவில்லை. வரைந்த அலுவலகத்தில் அனைவரும் அறிந்த ஒன்றை எழுத வேண்டிய தேவை எழவில்லை. கோப்பு வெளியே சென்றபோது எண் சென்றது; அலுவலக வழக்கம் உடன் செல்லவில்லை. 100 மில்லிமீட்டர் எனக் கருதி வரைந்த கோடு, புள்ளி எனக் கொள்ளப்பட்டால் 35.28 மில்லிமீட்டராகச் சுருங்கும். அங்குலம் எனக் கொள்ளப்பட்டால் 2540 மில்லிமீட்டராகப் பெருகும். ஆட்டோகேட் 2000 பதிப்பில்தான் அலகைக் குறிக்கும் மாறி தலைப்புப் பகுதியில் இடம்பெற்றது. அதில் 1 அங்குலத்தையும் 4 மில்லிமீட்டரையும் குறிக்கும். 0 என்பது அலகற்றது. பழைய நிச்சயமின்மைக்கு இன்றும் அங்கே இடமுண்டு.

வட்டம் வளைவாதல்

ஆட்டோகேட்டில் வட்டம் என்பது மையமும் ஆரமும் மட்டுமே. இல்லஸ்ட்ரேட்டரில் அது பொதுவாக நான்கு பெசியே வளைவுகளின் இணைப்பு. முப்படிப் பெசியே வளைவால் வட்டத்தைத் துல்லியமாகக் காட்ட இயலாது என்பது கணித உண்மை. நான்கு துண்டுகளால் அமைத்தால் ஆரத்தில் ஏறத்தாழ 0.027 விழுக்காடு வரை பிழை வரும். ஒரு மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் இது சுமார் 0.27 மில்லிமீட்டர். அச்சில் இதைக் கண் அறியாது; ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய உலோகப் பகுதிகளில் இது பொருட்படுத்தத்தக்கது.

எதிர்த்திசையில் சிக்கல் கூடுதலாகும். 1992இல் வந்த 12ஆம் பதிப்பின் டிஎக்ஸ்எஃப் வடிவில் ஸ்பிளைன் வளைவுக்கு இடமில்லை. 1994இல் வந்த 13ஆம் பதிப்பிலேயே அது சேர்ந்தது. ஆகவே பழைய வடிவில் சேமித்த ஓவியத்தின் வளைவுகள் நூற்றுக்கணக்கான சிறு நேர்கோடுகளாகின்றன. அவற்றை லேசர் வெட்டுப்பொறியில் இட்டால் விளிம்பில் பட்டை பட்டையாகத் தெரியலாம்.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. ஓவிய மென்பொருளின் அடையாளமான இவ்வளைவு ஓவியக்கூடத்தில் பிறந்ததன்று. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்தெல்ஜோவும், ரெனால்ட் நிறுவனத்தில் பியேர் பெசியேயும் மகிழுந்தின் உடலமைப்பை வடிவமைக்க உருவாக்கியது அது. எனவே இரு துறைகளுக்கும் இடையிலுள்ள எல்லை இயல்பானதன்று; வரலாற்றில் உருவானது.

எழுத்தின் நிலை

பேனாவின் ஒற்றைக் கோட்டால் வரையத்தக்க எஸ்எச்எக்ஸ் எழுத்துருக்களை ஆட்டோகேட் பயன்படுத்தியது. ஓவிய மென்பொருளில் அவை இல்லாதபோது வேறு எழுத்துரு அவ்விடத்தைப் பிடிக்கிறது. இடைவெளியும் நீளமும் மாறுகின்றன.

தமிழுக்கு இச்சிக்கல் இருமடங்கு. விண்டோஸில் தமிழுக்கெனத் தனி ஏஎன்எஸ்ஐ குறிமுறைப் பக்கம் இருந்ததில்லை. ஒருங்குறிக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்கள் பல, பிற எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அத்தகைய எழுத்துரு இல்லாத கணினியில் படத்திலுள்ள தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆட்டோகேட் 2007 முதல் டிஎக்ஸ்எஃப் கோப்பு ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் எழுதப்படுகிறது. எழுத்துகளை வெளிக்கோடுகளாக மாற்றி அனுப்பும் வழக்கம் தோற்றத்தைக் காக்கிறது. ஆனால் அதன்பின் அவை படிக்கவும் தேடவும் திருத்தவும் தக்க எழுத்துகளாக இரா.

தீர்வுகளின் அடிப்படை

நடைமுறைத் தீர்வுகள் அனைத்தும், கோப்பில் எழுதப்படாதவற்றை வெளிப்படையாக எழுதும் முயற்சிகளே. படத்தின் ஓரத்தில் 100 மில்லிமீட்டர் நீளமுள்ள சோதனைக் கோடு ஒன்றை வரைந்து, திறந்தபின் அதை அளந்து பார்ப்பது அவற்றுள் எளியது. தனித்தனிக் கோடுகளை அனுப்பும் முன்பே ஒரே மூடிய கோடாக இணைத்தால் நிறம் நிரப்புவது எளிதாகும். தடிமனை நிற எண்ணிடம் விடாமல் கோட்டிற்கே வழங்க வேண்டும். இவ்வசதி ஆட்டோகேட் 2000 முதல் உண்டு. தோற்றமே முக்கியமெனில், ஒன்றுக்கு ஒன்று என்னும் அளவில் பிடிஎஃப் ஆக்குவது பொருந்தும். ஆனால் பிடிஎஃப் வடிவில் வட்டத்திற்கெனத் தனிக் கட்டளை இல்லை; ஆகவே வெட்டுப்பொறிக்குச் செல்லும் படத்திற்கு டிஎக்ஸ்எஃப் வடிவமே ஏற்றது.

அலகு குறிக்கப்படாத பழைய கோப்பு கிடைக்கும்போது, படத்திலேயே எழுதப்பட்ட பரிமாண எண்ணையோ ஒரு கதவின் அகலத்தையோ சான்றாகக் கொண்டு அலகை உய்த்துணரலாம். இது ஆவணத்தின் அகச்சான்றைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் வரலாற்றாய்வு முறையை ஒத்தது.

முடிவுரை

வரைவு மென்பொருள் பொருளின் உண்மை அளவையும் ஓவிய மென்பொருள் பக்கத்தின் தோற்றத்தையும் காக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் கோப்பில் எது காக்கப்பட வேண்டும் என்பதை மென்பொருள் தானாக அறியாது. அனுப்புவோரே முடிவுசெய்ய வேண்டும். கடந்த நூற்றாண்டின் இறுதியில் உருவான எண்ணிம வரைபடங்கள் இன்று ஆவணங்களாகி வருகின்றன. அவற்றை வரைந்தோரின் வழக்கங்கள் மறக்கப்படுமுன், அலகையும் எழுத்துருவையும் பேனா ஒதுக்கீட்டையும் கோப்புடன் பதிவுசெய்து வைப்பது இன்றியமையாதது.