பாம்பனில் பாறை, முக்கொம்பில் மணல்

பனாமாவின் குலேப்ரா மலைவெட்டில் சென்ற வாரம் நிறுத்தினோம். தோண்டத் தோண்டக் களிமண் சரிந்து கால்வாயை மூடிய இடம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1881இல் பனாமாவில் வேலை தொடங்குவதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு முன்பே, கப்பலுக்கு வழி விடப் பாறையைப் பிளக்கும் முயற்சி நம் கடலில் தொடங்கிவிட்டது.

மண்டபத்துக்கும் இராமேசுவரம் தீவுக்கும் நடுவே பாம்பனில், நீருக்கடியில் மணற்பாறைகள் வரிசைகட்டிக் கிடந்தன. சிறு தோணி நுழையலாம். கப்பலென்றால் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். பாறையைவிட நீரோட்டம் பொல்லாதது. தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடாத் தண்ணீர் அந்த இடுக்கில் பாய்ந்து வடக்கே போகும்; வாடைக் காற்று வந்தால் அப்படியே திரும்பும். அதற்குள் நின்று மருந்து வைத்துப் பாறையைத் தகர்த்தார்கள். இந்த வழியை ஆராய 1822இல் அனுப்பப்பட்ட பொறியாளருக்கு வயது 19. பெயர் ஆர்தர் காட்டன்.

பாறை உடைப்பு அவருக்குப் பின்னும் பல ஆண்டு நடந்தது. கிடைத்தது சுமார் 80 அடி அகல வழி. கரையோரக் கப்பல்களுக்கு அது போதும். பெருங்கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றியே போகின்றன.

தஞ்சைக்காரர்களுக்குக் காட்டன் வேறு வகையில் வேண்டியவர். 1828இல் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்ந்த, சரிவான வழி. காவிரியின் படுகையோ மணலேறி மேடாகிக்கொண்டிருந்தது. வெள்ளம் கொள்ளிடத்தோடு கடலுக்குப் போக, கடைமடை காய்ந்தது. ஆண்டுதோறும் மணல் வாரினாலும் அடுத்த வெள்ளம் திரும்பக் கொண்டுவந்து கொட்டியது. என்னைக் கேட்டால் பாம்பன் பாறையைவிட இதுதான் கடினம். உடைத்த பாறை திரும்பி வராது, மணல் வரும்.

காட்டன் காவிரியை ஆழப்படுத்திக்கொண்டிருக்கவில்லை. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே ஏறக்குறைய ஆளுயரத்துக்கு மேலணையைக் கட்டினார். மணல் போக மதகுகளும் வைத்தார். மணலின் மேல் கட்டுமானம் நிற்கும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது கல்லணை. பெயர் தெரியாத நம் கொத்தர்களுக்குச் சேர வேண்டிய பெருமை இது. அதைக் காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆறு அதோடு அடங்கவில்லை. சில ஆண்டுகளிலேயே காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறி வந்து படுகையை அரிக்கத் தொடங்கியது. 1840களில் காவிரித் தலைப்பிலும் ஒரு தடுப்பு கட்ட வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிட மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து போயின. அருகிலேயே புதிய கதவணை எழுந்தது.

(தொடரும்)