பன்னிரண்டு ஆண்டுகள்: 2021 செட்டின் வரலாறு

2021-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று பிளஸ் டூ முடிவு வெளியானபோது, தமிழ்நாட்டில் 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தேர்ச்சி 100 விழுக்காடு. அவர்களில் ஒரு பகுதியினர் நாங்கள். கொட்டாம்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசுப் பள்ளிகளில் படித்தவர்கள். ‘ஆல் பாஸ் செட்’ என்று ஊரில் எங்களுக்குப் பெயர். அந்தப் பெயரில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அந்தத் தேர்ச்சி 2021-இல் கிடைத்த ஒன்றல்ல. அது எப்போது தொடங்கியது, யார் யாருடைய உழைப்பால் எங்கள் கைக்கு வந்தது என்பதை இந்த மலரில் முறையாகப் பதிவு செய்வது எங்கள் கடமை.

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைத் தாண்டி, துவரங்குறிச்சிக்கு முன்பாக இருப்பது கொட்டாம்பட்டி. ஒரு பக்கம் நத்தம், மறுபக்கம் சிங்கம்புணரி. மழையையும் கண்மாயையும் கிணற்றையும் பார்த்துப் பிழைக்கும் சீமை. இங்கே எழுத்து புதிதாக வந்த விருந்தாளி அல்ல. வழியில் உள்ள கருங்காலக்குடிக் குன்றில் சமணத் துறவியரின் கற்படுக்கைகளும் தமிழ்பிராமிக் கல்வெட்டும் இன்றும் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் பாறையே சான்று. இருந்தும், ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து அந்த எழுத்தைப் படிக்கும் நாள் வருவதற்கு 20-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாளைக் கொண்டுவந்தவர்களில் இருவர் நம் பக்கத்துக்குச் சொந்தமானவர்கள். மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் 1908-ஆம் ஆண்டு ஜூன் 18 அன்று பிறந்தவர் பெருமகனார் கக்கன். தந்தை கோயில் பூசாரி. பள்ளிக்கூட வாசல் எளிதில் திறக்காத சமூகத்தில் பிறந்து, அந்த வாசலைப் பிறருக்காகத் திறந்து வைப்பதையே இளமைப் பணியாக ஏற்றுக்கொண்டவர். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் மதுரை வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர். 1939-ஆம் ஆண்டு ஜூலை 8 அன்று ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தவர்களில் கக்கனும் ஒருவர். ஆலய நுழைவுக்குக் காட்டிய அதே உறுதியை ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கும் இவர்கள் காட்டினார்கள். படிக்க வந்த பிள்ளைகளுக்குச் சோறும் தங்க இடமும் கொடுக்காமல் பாடம் மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதை அவர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்.

1946-இல் ஐயர் மேலூர்த் தொகுதியிலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கக்கன் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். 1952-இல் நாடாளுமன்றம் சென்றார்; 1957-இல் காமராசர் அமைச்சரவையில் இடம்பெற்றார்; பின்னர் உள்துறை அமைச்சராகவும் இருந்தார். இத்தனைக்கும் பிறகு சொத்து எதுவும் சேர்க்காமல் 1981-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று மறைந்தார். தும்பைப்பட்டியில் அவருக்கு அரசு எழுப்பிய மணிமண்டபத்தைக் கடந்துதான் நாம் மேலூருக்கும் மதுரைக்கும் போய் வருகிறோம். நம் ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பெயராக அவர் பெயரை எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1950-களைப் பற்றி எங்கள் தாத்தா பாட்டிமார் சொல்லித்தான் தெரியும். அப்போதெல்லாம் ‘போர்டு ஸ்கூல்’தான். ஆடு மேய்க்கவும் களையெடுக்கவும் போன பிள்ளைகளை வகுப்புக்குக் கொண்டுவந்தது காமராசரின் மதிய உணவு. 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய திட்டம் அது. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் அந்தக் காலத்தின் பெரும் சாதனை. மேசை, நாற்காலி, கரும்பலகை, மணி என்று பள்ளிக்கு வேண்டியதை ஊர்மக்களே கொடுக்கும்படி செய்த இயக்கம் அது. கையில் காசில்லாத குடியானவர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக மட்டுமல்லாமல், ஊர்ப்பிள்ளைகளுக்காகவும் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையின் பெயர்கள் கல்வெட்டில் இல்லை. இந்த மலர் அவர்களை வணங்குகிறது.

அடுத்த தலைமுறைக்கு இரண்டு பெரும் வாய்ப்புகள் வந்தன. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி அறிமுகமானது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. அதற்கு முன் பள்ளியிறுதி முடித்த ஒருவர் மேலே படிக்க விரும்பினால் புகுமுக வகுப்புக்குக் கல்லூரி தேடிப் போக வேண்டும். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு அது நடவாத காரியம். பள்ளியிலேயே இன்னும் இரண்டு ஆண்டுகள் என்ற ஏற்பாடு எத்தனை பெண்களின் திருமணத்தைத் தள்ளிவைத்து அவர்களைப் படிக்க வைத்தது என்பதை நம் வீட்டுப் பெரியம்மா, சித்திமார்களைக் கேட்டால் சொல்வார்கள். இரண்டாவது, 1982-ஆம் ஆண்டு ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவு. தாத்தா காலத்தில் மதிய உணவு, அப்பா அம்மா காலத்தில் சத்துணவு, எங்கள் காலத்தில் சோற்றோடு முட்டை. மூன்று தலைமுறையும் அரசுப் பள்ளியின் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றவர்கள் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

எங்கள் சொந்தக் கதை 2009 ஜூனில் தொடங்குகிறது. நாங்கள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடைமுறையில் இருந்தது. பெஞ்சு கிடையாது. பாயில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படி அட்டவணையில் எங்கள் இடத்தைப் பார்த்துப் பாடத்தைத் தொடர்வோம். சுவரின் அடிப்பகுதியில் ஒவ்வொருவருக்கும் எழுத ஓர் இடம் இருந்தது. டீச்சரும் எங்களோடு தரையில்தான் உட்காருவார். அடிக்குப் பயப்படாமல் பள்ளிக்குப் போன முதல் தலைமுறை நாங்கள்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

மூன்றாம் வகுப்பு புத்தகமே இல்லாமல் தொடங்கியது. முனைவர் ச. முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையில் உருவான சமச்சீர் கல்வி 2010-இல் ஒன்று, ஆறு வகுப்புகளுக்கு வந்துவிட்டது. மற்ற வகுப்புகளுக்கு 2011-இல் வரவேண்டியது வழக்கில் சிக்கியது. ஜூன் போனது, ஜூலை போனது. கையில் நூல் இல்லாத அந்த வாரங்களில் ஆசிரியர்கள் கதை சொன்னார்கள், வாய்ப்பாடு சொல்ல வைத்தார்கள், படம் வரைய வைத்தார்கள். ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே புத்தகங்கள் கைக்கு வந்தன. சென்னையில் மெட்ரிக் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் எங்கள் பக்கத்து வஞ்சிநகரத்தில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடநூல் என்ற நிலை அன்றுதான் உறுதியானது. அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. அடுத்த ஆண்டே முப்பருவ முறை வந்து, புத்தகப் பையின் பாரமும் குறைந்தது.

2014-இல் ஆறாம் வகுப்பு. சுற்றுப்பட்டிகளிலிருந்து டவுன் பஸ்ஸில் இலவசப் பாஸோடு வந்து சேர்ந்தவர்கள், நடந்து வந்தவர்கள், அண்ணனின் சைக்கிளில் தொற்றி வந்தவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பானது அப்போதுதான். நட்பெல்லாம் அங்கே வேர்பிடித்தது. கோடையில் கண்மாய் வற்றி மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்தால், ஊத்தாவும் வலையும் தூக்கிக்கொண்டு ஒருவர் ஊருக்கு ஒருவர் போனோம். கிடைத்த கெண்டையையும் விராலையும் பங்கு பிரித்தோம். அந்த நாலைந்து ஆண்டுகளைப் பற்றி இம்மலரில் நண்பர்கள் தனித்தனியே எழுதியிருப்பதால் இங்கே விரித்துரைக்கவில்லை.

2019 மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினோம். சமச்சீர்ப் பாடத்திட்டத்தில் அத்தேர்வை எழுதிய கடைசி செட் நாங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு தாள் எழுதியதும் எங்களோடு முடிந்தது. அந்த மதிப்பெண் பின்னாளில் எங்கள் வாழ்க்கையில் பாதியைத் தீர்மானிக்கும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மாலை வகுப்பிலும் சனிக்கிழமை வகுப்பிலும் எங்களை உட்கார வைத்து, கடைசி பெஞ்சுப் பிள்ளையும் தேற வேண்டும் என்று போராடிய ஆசிரியர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்து நாங்கள் எவ்வளவு கடன்பட்டோம் என்பதைக் கீழே காண்பீர்கள்.

பிளஸ் ஒன் புதிய பாடநூல்களோடு வந்தது. பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த பாடத்திட்டம் அது. தடித்த புத்தகங்கள், பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேன் செய்யும் குறியீடுகள். ஆக, ஒரே பள்ளிப் பருவத்துக்குள் மூன்று தலைமுறைப் பாடநூல்களைப் படித்தவர்கள் நாங்கள்: பழையது இரண்டு ஆண்டு, சமச்சீர் எட்டு ஆண்டு, புதியது இரண்டு ஆண்டு. இந்தச் சிறப்பு எங்களுக்கு முன்னும் பின்னும் அப்படியே வேறு எந்த ஆண்டினருக்கும் அமையவில்லை.

2020 மார்ச் 26 அன்று எங்கள் பிளஸ் ஒன் கடைசித் தேர்வு. வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் மாணவர்கள் படித்துக் காத்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பே கொரோனா ஊரடங்கு வந்தது. தள்ளிவைக்கப்பட்ட அந்தத் தேர்வு ஜூன் 9 அன்று ரத்தானது.

அதன்பின் வந்த ஓராண்டே எங்கள் வரலாற்றின் கடினமான பகுதி. ஜூலையில் பாடநூல்கள் கிடைத்தன, வகுப்பறை கிடைக்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்தோம். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். இரவு எட்டு மணிக்குமேல் போன் கைக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பிய பாடத்தைத் திறந்து எழுதியவர்கள் எங்களில் பலர். டவர் கிடைக்காத ஊர்க்காரர்கள் கண்மாய்க் கரையிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்து படித்தார்கள். பகலில் கயிறு திரிக்கும் இடத்துக்கும் தேங்காய் உரிக்கவும் செங்கல் சூளைக்கும் போய்க் குடும்பத்தைத் தாங்கியவர்கள் உண்டு. போன் இல்லாத நண்பனுக்காக நோட்டை முழுதும் கையால் பெயர்த்தெழுதி, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

2021 ஜனவரி 19 அன்று பள்ளி திறந்தது. பெற்றோரின் இசைவுக் கடிதம், முகக்கவசம், ஓர் அறைக்கு 25 பேர் என்ற கட்டுப்பாடு. பத்து மாதம் கழித்து ஒருவரையொருவர் பார்த்தபோது பலர் உயரம் கூடியிருந்தோம். மூன்று மாதம் மூச்சுவிடாமல் படித்தோம். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு முடிந்தது. எழுத்துத் தேர்வு தள்ளிப்போனது. இரண்டாம் அலை நம் ஊர்களுக்குள் வந்தது. எங்களில் சிலர் அப்போது வீட்டுப் பெரியவர்களை இழந்தார்கள். எங்கள் பாடநூல்களுக்கு வழிவகுத்த பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணனும் மே 29 அன்று அதே நோயால் மறைந்தார். ஜூன் 5 அன்று தேர்வு ரத்து என்ற அறிவிப்பு வந்தது.

மதிப்பெண் எப்படிக் கிடைத்தது என்பதைத் தெளிவாகப் பதிவு செய்கிறோம். பத்தாம் வகுப்பில் அதிக மதிப்பெண் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு. பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20 விழுக்காடு. பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு. ஆகவேதான் எங்கள் மதிப்பெண் பட்டியலில் புள்ளி வைத்த எண்கள் வந்தன. அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்களில் 2019-இன் சனிக்கிழமை வகுப்புகளும் இருக்கின்றன, 2020 மார்ச்சில் ஊரடங்குக்கு முன் எழுதிய தாள்களும் இருக்கின்றன. படிக்காமல் பெற்ற மதிப்பெண் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

அதற்குப் பின் வந்த பெருமையையும் சொல்ல வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. நீதியரசர் த. முருகேசன் ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அதை விரிவாக்கும் சட்டம் 2021 ஆகஸ்டில் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்கீழ் முதலில் கல்லூரி சென்ற பிளஸ் டூ செட் நாங்கள். கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெற்ற முதல் அணியிலும் எங்கள் வகுப்புத் தோழியர் இருந்தார்கள். அந்தப் பணத்தில் பஸ் செலவும் புத்தகச் செலவும் போக வீட்டுக்கும் கொடுத்தவர்கள் அவர்கள். 2025-இல் எங்களில் பொறியியல் படித்தவர்கள் பட்டம் பெற்றார்கள். மற்றவர்கள் செவிலியராக, காவலராக, ஓட்டுநராக, விவசாயியாக, கடைக்காரராக, ராணுவ வீரராக ஆங்காங்கே நிற்கிறார்கள்.

எங்களை ஆளாக்கிய பள்ளிகளுக்கு நாங்கள் திருப்பிச் செய்யவும் வழி இருக்கிறது. 2024-இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. பள்ளிக்கு உதவ விரும்புவோருக்காக ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் 2022 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளூரில் இருக்கும் நண்பர்கள் குழுக் கூட்டங்களில் கலந்துகொள்ளுங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள், அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு நாளைப் பள்ளிக்கென்று ஒதுக்கி, பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கையரைச் சந்தித்து, என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று எடுத்துச் சொல்லுமாறு இம்மலரின் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.