செம்பு நிற மண்ணும் ஒரு பெயரும்

புத்தளத்தில இருந்து வண்ணாத்திவில்லுப் பக்கம் போனால் மண்ணின்ட நிறம் மாறும். துருப்பிடித்த இரும்பு மாதிரி ஒரு சிவப்பு. உண்மையில் அது துருதான், மண்ணில கலந்திருக்கும் இரும்பு ஒட்சைட்டு. வெள்ளைச் சீருடையில பட்டால் லேசில போகாது. எங்கட உம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள்.

மகாவம்சத்தில் ஒரு கதை வரும். கப்பலில் களைத்து வந்த விஜயனின் ஆட்கள் தரையில் கையூன்ற, கை செம்பு நிறமானதாம். அதனால்தான் அந்த இடத்துக்கும் தீவுக்கும் தம்பபண்ணி என்று பெயராம். குதிரைமலைதான் அந்த இடம் என்று பலர் சொல்வார்கள். விஜயன் வந்தானா இல்லையா என்று நாங்கள் சண்டை பிடிக்கப் போவதில்லை. மகாவம்சம் கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் எழுதப்பட்டது. தம்பபண்ணியோ கி.மு. 3ஆம் நூற்றாண்டின் அசோகன் கல்வெட்டுகளிலேயே இருக்கிறது. பெயர் முந்தி, கதை பிந்தி. கிரேக்கர் வாயில் அது தப்ரபேன் ஆனது. திருநெல்வேலிப் பொருநைக்கும் தாமிரபரணி என்றே பெயர். ஆனாலும் கதை கட்டியவர் இப்படியொரு மண்ணைப் பார்த்திருப்பார் என்றே நினைக்கிறோம்.

அருவக்காட்டில் அந்தச் சிவப்புக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதைத் தோண்டித்தான் புத்தளத்தில் சீமெந்து செய்கிறார்கள். நாட்டுச் சுவர்களுக்கு இங்கிருந்து போன நிறம் சாம்பல். திரும்பி வந்தது கொழும்புக் குப்பை. 2018இல் அதை எதிர்த்து ஊர் தெருவில இறங்கினபோது, ஆளில்லாத காடுதானே என்ற பேச்சு எங்கட காதிலும் விழுந்தது. 2019இல் லொறிகள் வரத் தொடங்கின.