குடவோலையும் ஊர் வாரியமும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்தரமேரூர் என்றோர் ஊர் உண்டு. அங்கே கடைத்தெருவை ஒட்டி வைகுண்டப் பெருமாள் கோயில் என்னும் சிறு கோயில் நிற்கிறது. வானளாவிய கோபுரமோ கண்ணைக் கவரும் சிற்ப மண்டபமோ அங்கு இல்லை. ஆயினும் வரலாறு கற்கும் மாணவர் ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒரு முறையேனும் அங்குச் சென்று வரவேண்டும் என்பது என் எண்ணம். அக்கோயிலின் கருங்கற் சுவர்களில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் தம் பொதுக் காரியங்களைக் கவனிக்கும் குழுக்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை எழுத்து எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

இக்கல்வெட்டுகளைத் தொல்லியல் துறையினர் 1898-ஆம் ஆண்டில் பதிவு செய்தனர். வெங்கய்யா என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் சோழர் ஆட்சிமுறை பற்றி 1932-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதினார். இரண்டு கல்வெட்டுகளும் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனுடைய 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி. பி. 919-இல் எழுந்தது, மற்றொன்று 14-ஆம் ஆட்சியாண்டில், கி. பி. 921-இல் எழுந்தது. அரசன் ஆணை வந்தது. அரசன் அனுப்பிய அதிகாரி ஒருவர் சபையாருடன் உடனிருந்தார். சபையார் கூடி ஏற்பாடு செய்தனர். இரண்டிலும் நிகழ்ந்தது இதுதான்.

அந்நாளில் ஊரின் பெயர் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். அது 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வட்டம் அல்லது வார்டு என்று கொள்ளலாம். ஊர்ச்சபை அனைத்தையும் தானே செய்ய இயலாதாகையால், காரியங்களைப் பகிர்ந்து வாரியங்களிடம் ஒப்படைத்தது. ஆண்டு முழுவதும் பொது மேற்பார்வைக்குச் சம்வத்சர வாரியம். தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம். நீர்நிலைக்கு ஏரி வாரியம். பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன் வாரியம். இவற்றோடு பஞ்சவார வாரியம். மின்சார வாரியம் என்றும் வீட்டுவசதி வாரியம் என்றும் நாம் இன்று சொல்கிறோமே, அச்சொல்லுக்கு வயது ஆயிரத்துக்கு மேல் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

தேர்தல் நடந்த விதத்தைச் சற்று நிதானமாகக் காண்போம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதினர். குடும்புவாரியாக அவற்றைக் கட்டி, எந்தக் குடும்பு என்பதற்கு ஒரு வாயோலையும் சேர்த்து, ஒரு குடத்தில் இட்டனர். இளையோர் முதியோர் அனைவரும் அடங்கப் பெருஞ்சபை கூடியது. ஊரிலிருந்த கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்து சபை நடுவே அமர்ந்தனர். அவருள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தை மேலே தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் அருகிலிருந்து ஒரு கட்டை எடுத்தான். கட்டை அவிழ்த்து ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்தனர். அதிலிருந்து அச்சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுத்தான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும் என்று கல்வெட்டு விதிக்கிறது! விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடக் கூடாதல்லவா? அவன் படித்த பிறகு நம்பிமார் எல்லாரும் அந்த ஓலையை வாங்கிப் படித்தனர். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது. இப்படி 30 குடும்புக்கும் 30 பேர்.

இந்த 30 பேருள், முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்து பழகியவர்களும், கல்வியாலும் வயதாலும் முதிர்ந்தவர்களுமாகிய 12 பேரைச் சம்வத்சர வாரியத்துக்குக் கொண்டனர். எஞ்சியவருள் 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். முதலில் ஏரிக்கரையிலும் தோட்டத்திலும் நடந்து பழகிய பிறகே ஊர் முழுவதற்கும் யோசனை சொல்லும் இடத்துக்கு வரவேண்டும் என்ற இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. பதவிக்காலம் 360 நாள். இடையே குற்றம் காணப்பட்டவர் அப்போதே நீக்கப்பட்டார்.

ஏரி வாரியத்தைப் பற்றித் தனியே ஒரு சொல். அவ்வூருக்கு உயிர்நாடி வயிரமேக தடாகம் என்னும் பேரேரி. பல்லவர் காலம் தொட்டே அதனைத் தூர்வாரிக் காப்பதற்காகப் பொன்னும் நிலமும் அறக்கொடையாகச் சபையாரிடம் அளிக்கப்பட்டு வந்தன. கொடுத்த பொன் சபையிடம் முதலாக இருக்கும்; அதன் வட்டியால் ஆண்டுதோறும் மண் எடுக்கப்பட வேண்டும். எடுக்காமல் விட்டால் அடுத்த கோடையில் ஊர் முழுவதும் அதை அறிந்துவிடும். ஆறு பேர் கொண்ட அந்த வாரியத்தின் வேலை எவ்வளவு வெளிப்படையானது என்பதை நீங்களே உணரலாம்.

இனி, இரண்டு ஆண்டு இடைவெளியில் ஏன் இரண்டு கல்வெட்டுகள் என்ற கேள்வி எழும். 919-இல் வயது வரம்பு 30-க்கு மேல் 60-க்குள். 921-இல் அது 35-க்கு மேல் 70-க்குள் என்று மாறுகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது என்பதும் காணப்படுகிறது. ஆனால் என் கண்ணில் பெரிதாகப் படுவது வேறொரு விதி. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது என்று இரண்டாம் கல்வெட்டு சொல்கிறது. அவரோடு நிற்கவில்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன், மைத்துனன், சகோதரி கணவன் என்று உறவு முறைகளை நீளமாக அடுக்கி, இவர்கள் பெயரும் இடலாகாது என்கிறது. கணக்கு எழுதுவோனுக்கும் விதி உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே பெருங்குறியின்முன் காட்டிச் சுத்தன் என்று பெயர் பெற வேண்டும்; அதுவரை மறுபடி கணக்கெழுதப் புகலாகாது; வேறொருவன் அக்கணக்கை முடிக்கவும் கூடாது.

இல்லாத குற்றத்துக்கு எவரும் விதி எழுதார். கணக்குக் காட்டாதவர் இருந்திருக்க வேண்டும். அவர் விலகியபின் மைத்துனரோ மருமகனோ வந்து அதே இடத்தில் அமர்ந்திருக்கவும் வேண்டும். அந்நாள் பொற்காலம் என்று மேடைகளில் பேசுவோர் இந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நானோ இந்தப் பகுதிக்காகவே அக்கல்வெட்டை மதிக்கிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்து மானூரிலும் பழைய சபைக் கல்வெட்டு ஒன்று உண்டு. கி. பி. 800-ஐ ஒட்டிய பாண்டியர் காலத்தது. சபையில் எதைச் சொன்னாலும் அன்று, அன்று என்று மறுத்துத் தடை செய்பவருக்கு ஐந்து காசு தண்டம் என்று அது விதிக்கிறது. அப்படிப்பட்டவரை இக்காலத்துக் கூட்டங்களிலும் நான் பார்த்திருக்கிறேன். தண்டம் வாங்கத்தான் நமக்குச் சட்டம் இல்லை.

1998-ஆம் ஆண்டில், நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை உத்தரமேரூருக்கு அழைத்துச் சென்றேன். கோயில் சுவர் நிழலில் அவர்களை அமரச் செய்து, குடமும் ஓலையும் சிறுவனும் என்று நான் பெருமிதத்தோடு விளக்கி முடித்தேன். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அப்போது நாங்கள் இருந்திருந்தால் எங்கள் பெயர் குடத்தில் இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. சொல்லத் தெரியாமலன்று, விடை தெரிந்திருந்ததனால்தான். அது பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊர். பெயர் எழுதப்படுவதற்குக் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் ஓதியிருக்க வேண்டும். அரைக்கால் வேலியே உடையவராயினும் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவரானால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் கல்விக்குத் தரப்பட்டது. ஆனால் அந்தக் கல்வி எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. வேளாளர் ஊர்களில் ஊர் என்ற சபையும், வணிகர் இடங்களில் நகரம் என்ற சபையும் இருந்தன என்பது உண்மை. அங்கும் நிலமும் பொருளும் உடையவர் குரலே ஒலித்தது. ஏரியில் மண் சுமந்தவர், வயலில் நாற்று நட்ட பெண்டிர், இவர்கள் பெயர் எந்தக் குடத்திலும் இல்லை. இதை அப்பெண்ணிடம் அப்படியே சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தாள். திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் நான் அதிகம் பேசவில்லை.

அம்மாணவியின் கேள்வி நாட்டின் பெரிய சபையிலும் ஒரு விதத்தில் எழுந்ததுதான். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமம் அறியாமைக்கும் குறுகிய நோக்குக்கும் வகுப்புப் பூசலுக்கும் உறைவிடம் என்று கடிந்துரைத்து, அரசியல் சட்டம் தனிமனிதனை அலகாகக் கொண்டதற்காக மகிழ்ந்தார். உறுப்பினர் பலருக்கு அது மனவருத்தம் தந்தது. அதே மாதம் 22-ஆம் நாள் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்கும் கடமை அரசுக்கு விதிக்கப்பட்டது. அதுவே இன்றைய 40-ஆம் பிரிவு. எனினும் அது நெறிமுறை அளவில் நின்றது. 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த பிறகே கிராம சபைக்கும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடங்களுக்கும் சட்ட வலிமை கிடைத்தது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. பெரு நகரங்களுக்கு வார்டு குழுக்களை 74-ஆம் திருத்தம் தந்தது.

ஆனால் சட்டம் பெயரை எழுதிவிட்டால் போதுமா? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலில் வென்று தலைவரான முருகேசனும் அவருடன் மேலும் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தலே நடைபெற இயலவில்லை, 2006-இல்தான் நடந்தது. நான் மாணவர்களை உத்தரமேரூர் அழைத்துச் சென்றது மேலவளவு நிகழ்ச்சிக்கு மறு ஆண்டு. அந்தப் பெண்ணின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பிறகு பலமுறை தோன்றியிருக்கிறது.

மாணவர்களே, நீங்கள் இருக்கும் பள்ளியிலேயே இக்காலத்து வாரியம் ஒன்று உண்டு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழு அது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில் அக்குழு முதன்முதல் கூடியபோது, உறுப்பினர்கள் வருவார்கள், கையொப்பமிடுவார்கள், தேநீர் அருந்திப் போவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் இரண்டு கூட்டங்கள் அப்படித்தான் முடிந்தன. மூன்றாம் கூட்டத்தில், நூறு நாள் வேலைக்குச் செல்லும் ஒரு தாயார் எழுந்து, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைச் சொன்னார். பழுது பார்க்கப் பணம் செலவாகிவிட்டது என்று நான் விடையிறுத்தேன். "அப்படியானால் அந்தக் கணக்கைக் காட்டுங்கள் ஐயா" என்றார்.

கணக்கு எழுதி முடிக்கப்பட்டிருக்கவில்லை. ரசீதுகள் சில என் மேசை அறையிலும் சில எழுத்தரிடத்திலும் கிடந்தன. இருபது ஆண்டுகளாக வகுப்பில் கணக்குக் காட்டாதவரைப் பற்றிய கல்வெட்டை விளக்கி வந்தவன் நான்! அடுத்த வாரம் காட்டுகிறேன் என்று சொல்லி, நான்கு இரவு விழித்திருந்து பேரேட்டை முடித்தேன். குறித்த நாளில் அவ்வம்மையார் வந்து, எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். குழாய் வாங்கிய வரியில் விரலை நிறுத்தி, இத்தனை அடி குழாய் எங்கே போடப்பட்டிருக்கிறது என்று கேட்டார். நாங்கள் இருவரும் எழுந்து, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, கழிப்பறைப் பக்கம் நடந்தோம்.