ஒரே பட்டியலின் ஆபத்து

படிக்க வேண்டிய நூல்களின் பட்டியல் ஆயுளைவிட நீளமாகிவிட்டது என்ற புலம்பலை அச்சு இயந்திரம் கொண்டுவந்த தொல்லையாகவே பலரும் எண்ணுகிறார்கள். ஓர் ஆண்டு புத்தகக் காட்சியில் வாங்கியதைப் பிரிப்பதற்குள் அடுத்த ஆண்டுக் காட்சி வந்துவிடும் காலத்தில் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் பனையோலைக் காலத்திலேயே இந்தப் புலம்பல் தமிழில் பதிவாகியிருக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சாமிநாத தேசிகர் 17ஆம் நூற்றாண்டில் ‘இலக்கணக்கொத்து’ என்ற நூலை எழுதி, அதற்குத் தாமே உரையும் வகுத்தார். அந்த உரையில் ஓரிடத்தில் அவருக்குச் சினம் மூள்கிறது. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரைச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைப்பவர்களைக் கண்டிக்கிறார். பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு, இராமன் கதை, நளன் கதை, அரிச்சந்திரன் கதை ஆகியவற்றையும் ஒரு பொருட்டாக மதித்து வாழ்நாளைப் பாழாக்குகிறார்களே என்று நொந்துகொள்கிறார். இன்று தமிழின் பெருமை என்று நாம் எவற்றை எடுத்துக்காட்டுகிறோமோ, அவற்றில் பெரும்பகுதியை ஒரே மூச்சில் தள்ளிவைத்துவிட்டார்.

அவரை ஒன்றும் தெரியாதவர் என்று ஒதுக்குவது எளிது, நியாயமல்ல. அவர் தேர்ந்த இலக்கண ஆசிரியர். நன்னூலுக்கு விருத்தியுரை கண்ட சங்கர நமச்சிவாயர் அவரிடம் பாடம் கேட்டவர். தள்ள வேண்டியவற்றை இவ்வளவு துல்லியமாகப் பெயர் சொல்லித் தள்ளுவதற்கே பரந்த படிப்பு வேண்டும். வீடுபேற்றை நாடிய சைவத் துறவிக்கு வாழ்நாள் குறுகியது. அந்த நோக்கத்துக்கு உதவாத நூல் சுமைதான். அந்த அளவுகோலில் அவருடைய கணக்கில் பிழையில்லை. சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. தம் பயணத்துக்குத் தேவையில்லாததை அவர் எல்லோருக்கும் வீண் என்று அறிவித்தார். பட்டியலைக் குறைப்பதும் பிறருக்குமாகச் சேர்த்துக் குறைப்பதும் வேறுவேறு செயல்கள். தமிழ் நூல்களின் வரலாற்றைப் பார்த்தால், குறுகிய பட்டியலால் மட்டும் எந்த நூலும் அழியவில்லை என்று தெரிகிறது. எல்லோரும் ஒரே பட்டியலைக் கைக்கொண்டபோதுதான் நூல்கள் அழிவின் விளிம்புக்குப் போயின.

குறைக்கும் வேலை தமிழுக்குப் புதிதல்ல. தேசிகர் தள்ளிய எட்டுத்தொகையே குறைத்துத் தொகுத்ததன் விளைவுதான். பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடி வரை உள்ள அகப்பாட்டுகள் குறுந்தொகையிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு அடி உள்ளவை நற்றிணையிலும், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அடி வரை நீள்பவை அகநானூற்றிலும் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் நானூறு என்பது வரையறை. குறுந்தொகையைப் பூரிக்கோ தொகுத்தார், அகநானூற்றை உருத்திரசன்மர் தொகுத்தார் என்று தொகுத்தவர் பெயரும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எத்தனையோ பாட்டுகளிலிருந்து சிலவற்றைப் பொறுக்கியிருப்பார்கள். விடுபட்டவை காற்றோடு போயிருக்கும். ஆனாலும் இந்தக் குறைப்பில் பகைமை இல்லை. அளவுகோல் வெளிப்படையானது. நீளப் பாட்டு தாழ்ந்தது, குட்டைப் பாட்டு உயர்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை கிடைத்தது.

நன்னூலின் கதை சற்று வேறு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் வேண்ட, பவணந்தி முனிவர் எழுத்தையும் சொல்லையும் சுருக்கி மாணவருக்கு ஏற்றபடி யாத்துத் தந்தார். ஆயிரத்து அறுநூறு நூற்பா அளவுள்ள தொல்காப்பியத்தோடு ஒப்பிட்டால் அது மெல்லிய நூல். அவர் தொல்காப்பியத்தைப் பழிக்கவே இல்லை. ஆனால் வழிவழியாக ஆசிரியர்கள் நன்னூலோடு நிறுத்திக்கொண்டார்கள். நன்னூலில் இடம்பெறாத பொருளதிகாரத்தைக் கற்பிக்க வல்லவர்கள் அருகிப்போனார்கள். 19ஆம் நூற்றாண்டில் அதை அச்சிட முனைந்த சி.வை. தாமோதரம் பிள்ளை ஏடு தேடி அலைய வேண்டியிருந்தது. நல்ல நோக்கத்தோடு, யாரையும் பழிக்காமல் செய்த சுருக்கம்கூட, எல்லோரும் அதிலேயே நின்றுவிட்டால் மூலத்தை மறக்கடித்துவிடும்.

இது ஏன் நடந்தது என்பதற்கு ஓலையின் இயல்பே விடை. கறையானும் இராமபாணப் பூச்சியும் ஈரமும் சேர்ந்து அரிக்கும் நாட்டில் ஓர் ஏட்டின் ஆயுள் சில தலைமுறைதான். அது முறிவதற்குள் யாராவது எழுத்தாணி பிடித்துப் படியெடுக்க வேண்டும். பாடம் கேட்கும் மாணவன்தான் பெரும்பாலும் படியெடுப்பவன். ஆகவே பாடத்திலிருந்து விலக்கிய நூல் சில தலைமுறைகளில் உலகத்திலிருந்தே விலகும். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று இல்லை. எழுபது பாட்டு இருந்ததாகச் சொல்லப்படும் பரிபாடலில் முழுமையாகக் கிடைத்தவை இருபத்திரண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பாண்டியர் சேர்த்துவைத்த சுவடிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு உ.வே. சாமிநாதையர் அங்கே போனபோது, சிதைந்த ஏடுகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இட்டுவிட்டதாகக் கோயிலைச் சேர்ந்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் நூலை வெறுத்தவர்களல்லர். படிப்பாரற்ற ஏட்டுக்கு மரியாதையான முடிவு அதுவே என்று நம்பினார்கள். இழப்பைத் தேர்வாகக் காட்டும் ஆறுதலும் நம்மிடம் உண்டு. தில்லையில் கறையான் தின்றது போக எஞ்சிய தேவாரமே இக்காலத்துக்குப் போதும் என்று அசரீரி சொன்னதாகத் திருமுறை கண்ட வரலாறு கூறுகிறது. பக்தர்க்கு அது அமைதி தரும். ஆனால் கறையான் தரம் பார்த்துத் தின்பதில்லை என்பதை நூல்களின் வரலாறு எழுதுபவர் மறக்க முடியாது.

ஒரே பட்டியல் எவ்வளவு இறுகிப்போயிருந்தது என்பது 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் வெளிப்பட்டது. அவ்வூருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்கு விடைக்கா பஞ்சம்? அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், தூதுகள், புராணங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டுச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை பற்றி வினவினார். அக்காலத் தமிழ்க் கல்வியின் உச்சத்தைத் தொட்ட மாணவர் அவற்றைப் படித்திருக்கவில்லை. தேசிகர் ஒருவரே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் உரையில் ஒலித்த மனப்பான்மை இருநூறு ஆண்டுகளில் பாடமுறையாகவே உறைந்துவிட்டதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

அப்படியானால் அந்த நூல்கள் பிழைத்தது எப்படி? பட்டியல்கள் உண்மையில் ஒன்றாக இல்லாததால்தான். சிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த சாமிநாதையருக்குச் சமணக் கருத்துகள் விளங்காமல் நின்றன. கும்பகோணத்திலேயே வாழ்ந்த சமணக் குடும்பங்கள் அதைத் தங்கள் சமய நூலாகப் போற்றி வாசித்து வந்தன; சந்திரநாத செட்டியார் போன்றவர்கள் அவருடைய ஐயங்களைத் தீர்த்தார்கள். சைவர்களின் பாடத்திலிருந்து விழுந்தது சமணர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தது. இன்னொரு வியப்பும் உண்டு. தேசிகர் சார்ந்திருந்த அதே திருவாவடுதுறை மடத்தின் ஏட்டறையிலிருந்த பழஞ்சுவடிகள் சாமிநாதையரின் பதிப்புகளுக்கு உதவின. மடத்தில் இலக்கணம் சொன்னவர் விலக்கியதை மடத்தின் பேழை விலக்கவில்லை. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அச்சேறியவற்றுக்குப் பின்னால் இந்த இரண்டு உண்மைகளும் நிற்கின்றன: வேறு பட்டியல் வைத்திருந்த மனிதர்கள் இருந்தார்கள், படிக்காததையும் எறியாமல் வைத்திருந்த இடங்கள் இருந்தன.

முதலியாரின் கேள்வியைத் தமிழின் விடியலாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடலாம். ஆனால் அதுவும் ஒரு கழித்தல்தான். சங்க நூல்களும் காப்பியங்களும் மேடையேறியதும், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்ற அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமும் பாடத்திலிருந்து இறங்கின. இன்று அவற்றைச் சொல் பிரித்துப் பொருள் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலர். ஊர்களின் நீரும் நிலமும் வழக்கும் பற்றி அவை தரும் செய்திக்காக ஆய்வாளர் சிலர் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவே. பழைய ஒற்றைப் பட்டியலின் இடத்தில் புதிய ஒற்றைப் பட்டியல் உட்கார்ந்துகொண்டது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அச்சு வந்துவிட்டது, இனி எந்த நூலும் அழியாது, ஒரே பட்டியல் இருந்தால்தான் என்ன? இதில் பாதி உண்மை உண்டு. 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று அண்ணா வாதிட்டார், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் மேடையில் எதிர்வாதம் செய்தார்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகம் தொடங்கியிருந்தார். இரு தரப்பும் வாதாடியபின் கம்பனின் வாசகர் குறைந்துவிடவில்லை. எதிர்க்க வந்தவர்களும் அவனைப் படித்துவிட்டே வந்தார்கள். ஓலைக் காலத்தில் ஒரு பாடமுறை விலக்கியது தலைமுறை கடந்து காயப்படுத்தியது. அச்சுக் காலத்தில் ஒரு பேரியக்கமே விலக்கியும் நூல் நின்றது. ஆனால் மறுப்பின் மற்றப் பாதி பிழை. தாள் பிழைத்தாலும் பொருள் தானாகப் பிழைப்பதில்லை. சிந்தாமணியின் ஏடு கையில் இருந்தும் சாமிநாதையர் தவித்தது அதனால்தான். சமண வாசகர் இல்லையென்றால் சொல் இருந்திருக்கும், சாவி இருந்திராது.

இன்னொரு மறுப்பு இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வரும். ஆளுக்கொரு பட்டியல் என்றால் ஒரு சமூகம் எதை வைத்துப் பேசிக்கொள்ளும்? பொதுவான நூல்கள் வேண்டாமா? வேண்டும், ஆனால் அந்தப் பொது அடித்தளம் சிறியதாக இருந்தாலே போதும் என்பதைத் திண்ணைப் பள்ளிகள் நடைமுறையில் காட்டின. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி, ஒரு நிகண்டு, எண்சுவடி: இவ்வளவில் ஒரு பிள்ளைக்கு மொழியின் பொதுச் சொத்து கைக்கு வந்துவிடும். அதற்குமேல் சைவர், வைணவர், சமணர், இசுலாமியர், கிறித்தவர் எனத் தத்தம் வழியில் பிரிந்து போனார்கள். அடித்தளம் ஒன்றாக இருந்ததால் பேச்சு நடந்தது. மேல்தளங்கள் பலவாக இருந்ததால் நூல்கள் தப்பின. பொதுப் பட்டியல் நீண்டுகொண்டே போய் ஒருவரின் வாசிப்பு நேரம் முழுவதையும் விழுங்கும்போதுதான் கெடுதல் தொடங்குகிறது.

சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்கிறது. இன்னொன்று வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. முரண்போலத் தோன்றும் இவ்விரண்டையும் சேர்த்துவைப்பது நூலகம். எல்லா நூலையும் அது காக்கும். அதனால் வாசகர் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. கன்னிமாரா நூலகத்துக்கு வெளியாகும் நூல்களின் படி வந்துசேர 1954ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் பிறர் குப்பை என்று கருதிய துண்டறிக்கைகளையும் மலிவுப் பதிப்புகளையும் சேர்த்துவைத்தார். இன்று அவை சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பயன்படுகின்றன. ஏட்டறை செய்த வேலையை இவை இன்னும் உறுதியாகச் செய்கின்றன.

ஆகவே நூறு நூல்களைப் பத்தாகக் குறைக்கும் தனி வாசகர் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. பாடத்திட்டம் வகுப்பவருக்கும் பரிசுக் குழுவினருக்கும் ‘கட்டாயம் படிக்க வேண்டியவை’ என்று அறிவிப்பவருக்கும் அந்தச் சலுகை கிடையாது. பூரிக்கோவைப்போல அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லிவிட்டே அவர்கள் கழிக்க வேண்டும். தனி வாசகருக்கு எஞ்சும் கடமை ஒன்றுதான்: வைத்துக்கொண்ட பத்தில் ஒன்றிரண்டாவது, தம்மைச் சுற்றியுள்ள யாருடைய பட்டியலிலும் இல்லாதவையாக இருக்கட்டும்.